வட்ட வீட்டுக் களி

சமையலறை வடிவமைக்கப் போகிற வீட்டில் நான் முதலில் கேட்பது, "வீட்டில் என்ன சமைப்பீங்க?" என்பதுதான். முதலில் கிடைப்பது பொய்தான்.

தருமபுரி மாவட்டத்தில் நான் கால் வைத்த அத்தனை வீட்டிலும் சப்பாத்திதான் சாப்பிடுகிறார்கள். சில வீடுகளில் பாஸ்தா. ஒருவர் "எங்க வூட்ல சாலட் ஜாஸ்திங்க" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து ஆட்டுக்கால் வேகிற வாசம் வந்து எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

அதனால் நான் பதிலை நம்புவதில்லை. கை கழுவிவிட்டு வருகிறேன் என்று பின்பக்கம் போய், பாத்திரம் கவிழ்த்து வைத்திருக்கும் இடத்தைப் பார்ப்பேன். அங்கே அடி கருத்த பானை ஒன்றும், அதற்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்தபடி களி கிண்டுகிற துடுப்பு ஒன்றும் இருந்தால் எனக்கு வேலை சுலபம். கேழ்வரகுக் களி வீடு. எங்கள் வீடும் அதேதான், அதனால் எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும்.

பென்னாகரம் போகிற சாலையில் பாறைமேட்டின் மேல் நிற்கும் அந்த வட்ட வீட்டிலும் இப்படித்தான் நடந்தது.

வீட்டுக்காரர் மாங்காய் வியாபாரி. குடகுப் பக்கம் எங்கோ ஒரு ரிசார்ட்டில் தங்கப் போய், அங்கிருந்த வட்டமான அறையைப் பார்த்து மயங்கி, திரும்பி வந்து மொத்த வீட்டையும் வட்டமாகக் கட்டிவிட்டார். தலைக்கு மேல் கூரையும் குடை மாதிரி வளைந்து கிடக்கும். பார்க்க அழகு. வாழப் போனால்தான் தெரியும், பீரோ என்பது நேரான சுவரை நம்பிப் பிறந்த ஜீவன் என்று. படுக்கையறையில் பீரோவை வைத்தால் அதற்குப் பின்னால் ஓர் ஆள் ஒளிந்துகொள்கிற அளவுக்கு இடைவெளி. கட்டிலை எங்கே போட்டாலும் ஏதோ ஒரு கால் நடுவழியில்.

என்னோடு எப்போதும் வேலை செய்கிற தச்சர் அண்ணன் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேடம், பலகையை நான் வளைச்சிருவேன். வூட்டுக்காரரை நீங்கதான் வளைக்கணும்."

அவர் என்னை மேடம் என்று கூப்பிடுவது மரியாதையா நக்கலா என்று இன்றுவரை எனக்கு முடிவாகத் தெரியாது.

வீட்டுக்காரர் என்னைத் தேடி வந்ததே என் ரீல்ஸைப் பார்த்துத்தான். வெள்ளைக் கப்போர்டு, தங்க நிறக் கைப்பிடி, மேலே தொங்குகிற விளக்கு, பின்னணியில் வயலின். அதில் ஒரு விஷயம் மட்டும் தெரியாது. அந்தச் சமையலறைகளில் பாதிக்கு மேல் யாரும் சமைப்பதில்லை. கப்போர்டு மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்க மாட்டார்கள், அழுக்காகிவிடுமாம். விருந்தாளிக்குக் காட்டுவதற்கு உள்ளே மாடுலர் கிச்சன். உண்மையான சமையலுக்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டாய். நான் படித்துப் பட்டம் வாங்கி வந்து, இந்த மாவட்டம் முழுக்கக் கண்காட்சி கட்டிக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"இது பார்வைக்குங்க மேடம்," என்றார் வட்ட வீட்டுக்காரரும். "பெங்களூர் பார்ட்டிங்க வருவாங்க. நடுவுல தனியா நிக்கற மேடை, ஐலண்ட்ங்கறாங்களே, அது வேணும், வெள்ளையா. சிம்னி வேணும். அடுப்பு கண்ணாடி வெச்சது, நானே வாங்கிட்டேன். மத்தபடி சமையலுக்கு..." என்று ஜன்னல் வழியே கையைக் காட்டினார். பின்பக்கம் நான்கு கம்பங்கள் ஏற்கெனவே நடப்பட்டிருந்தன. மேலே போட வேண்டிய தகரமும் வந்து சேர்ந்திருந்தது.

"வீட்டில் என்ன சமைப்பீங்கண்ணா?"

"சப்பாத்திதாங்க."

நான் கை கழுவப் போனேன்.

துடுப்பு இருந்தது. நல்ல பெரிய துடுப்பு, பல வருடம் களியைப் பார்த்து வழவழப்பான துடுப்பு. நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்க, பின்னாலிருந்து குரல் வந்தது.

"அதை என்னாத்துக்கு பாப்பா மொறைச்சுப் பாக்கறே? அது உன்னை ஒண்ணும் பண்ணாது."

வீட்டுக்காரரின் மனைவி. ஐம்பதைத் தொட்டிருப்பார். இடுப்பில் சொருகிய முந்தானை, கையில் ஈரம்.

"அண்ணன் சப்பாத்தின்னு சொன்னாருக்கா."

"அந்தாளு களி இல்லேன்னா ராத்திரி புரண்டு புரண்டு படுக்கும். சப்பாத்தியாம் சப்பாத்தி." அக்கா பானையை நகர்த்திவிட்டு என்னைத் துவைக்கிற கல்லில் உட்காரச் சொன்னார். "இங்க பாரு கண்ணு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் கொட்டாயிலதான் சமைக்கறேன். மழை பேஞ்சா அடுப்புல ஒழுவும், வெயில் அடிச்சா தலைல எறங்கும். அதைக்கூட வுடு. உள்ள எல்லாரும் பேசிச் சிரிப்பாங்க. நான் அடுப்பைத் தணிச்சிட்டு ஓடிப் போயி என்னா என்னான்னு கேக்கறதுக்குள்ள சிரிச்சு முடிச்சிருப்பாங்க. ஒண்ணுமில்ல, நீ போயி கொழம்பைப் பாருன்னுவாங்க. இத்தனை வருசத்துல எத்தனை சிரிப்பை நான் வுட்டிருப்பேன்? இவ்ளோ பெரிய வூடு கட்டிட்டு மறுபடி என்னைக் கொட்டாய்க்கே அனுப்பினா எப்படி? நான் உள்ளதான் சமைப்பேன். முடியும்னா சொல்லு. முடியாதுன்னா டீ குடிச்சிட்டுக் கிளம்பு, கோவிச்சுக்க மாட்டேன்."

நான் டீ குடித்தேன். கிளம்பவில்லை.

திரும்பி உள்ளே போய், சமையலையும் உள்ளேயே வைத்துவிடலாமே அண்ணா என்று மெதுவாக எடுத்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"மேடம், களின்னு ஒண்ணு இருக்குதுல்ல."

"சப்பாத்தின்னீங்களே அண்ணா."

"அது பேச்சுக்கு. களியை மாடுலர் கிச்சன்ல கிண்ட முடியுமா? எங்க பங்காளி வூட்ல அடுப்பு மேலயே வெச்சுக் கிண்டி, கண்ணாடி வெடிச்சு, களிக்குள்ள கண்ணாடியா கண்ணாடிக்குள்ள களியான்னு தெரியாமப் போச்சு. அதான் கொட்டாய்."

அதற்குள் அக்கா வந்து வாசலில் நின்றுவிட்டார். "நான் உள்ளயே கிண்டிக் காட்டினா?"

"நீ காட்டு. ஒரு பொட்டு சிந்தாம, ஒரு டைல்ஸ் வெடிக்காம, கூடத்துல உக்கார்றவன் கண்ணுல பானை துடுப்பு படாமக் காட்டு. அந்தக் கொட்டாயை நானே பிரிச்சுப் போட்டுடறேன்."

"பாப்பா, நீ சாட்சி," என்றார் அக்கா.

களி கிண்டிப் பார்க்காதவர்களுக்கு இதில் என்ன கஷ்டம் என்று புரியாது. மாவு வெந்ததும் பானையை இறக்கித் தரையில் வைத்து, கவைக்கொம்பு ஒன்றால் அதன் கழுத்தைப் பிடித்து, கொம்பின் இரண்டு முனைகளையும் காலால் மிதித்துக்கொண்டு, துடுப்பைக் கட்டியில்லாமல் போகும்வரை சுழற்ற வேண்டும். உடம்பின் பாரம் மொத்தமும் மேலிருந்து கீழே இறங்க வேண்டும். மாடுலர் கிச்சனின் மேடையோ இடுப்பு உயரம். காய் நறுக்குவதற்கும், காபி கலப்பதற்கும், படம் எடுத்துக்கொள்வதற்குமான உயரம் அது.

தச்சர் அண்ணனின் பட்டறையில் பிளைவுட்டை வைத்து ஒரு பொய் மேடை செய்தோம். பக்கத்தில் கேஸ் அடுப்பில் களியைக் காய்ச்சி, பானையை மேடையில் தூக்கி வைத்து, நானே துடுப்பைப் பிடித்தேன். முதல் சுற்றிலேயே பானை ஓடியது. நான் அதன் பின்னால் ஓடினேன். மேடையின் விளிம்புவரை இருவரும் போய்த் திரும்பினோம்.

தச்சர் அண்ணன் டீ டம்ளரோடு வேடிக்கை பார்த்தார். "மேடம், நீங்க களியைக் கிண்டலை. களிதான் உங்களைக் கிண்டுது."

பானையைக் கம்பி போட்டு இறுக்கினோம். இப்போது பானை நின்றது, மேடை ஓடியது. மேடையைச் சுவரோடு திருகினோம். மேடை நின்றது, திருகாணி கையோடு வந்தது. நான் துடுப்போடு பின்னால் சாய்ந்து மரத்தூளில் உட்கார்ந்தேன். முகத்தில் களி. தச்சர் அண்ணன் சிரித்த சிரிப்பில் அவருடைய டீ பாதி கீழே போனது.

உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தபோதுதான் மேடையின் அடிப்பக்கம் எனக்கு நேரே தெரிந்தது. மேடைக்கு மேலே என்ன செய்யலாம் என்றே இத்தனை நாளாக யோசித்திருக்கிறேன். கீழே ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் சும்மா கிடக்கிறது. எல்லா வீட்டிலும் அந்த இடத்தில் கதவு போட்டு, யாரும் எடுக்காத குக்கரையும் கல்யாணத்துக்கு வந்த டின்னர் செட்டையும் அடைத்து வைப்பார்கள்.

"அண்ணா, ஐலண்டுக்கு அடியில கல் பதிச்சா?"

"கல்லா?"

"தரையோட தரையா. நடுவுல பானை உட்கார்ற மாதிரி ஒரு குழி. ரெண்டு பக்கமும் இரும்புக் கை, பானைக் கழுத்தைப் பிடிச்சுக்க. பக்கத்துலயே முழங்கால் உயரத்துல ஒரு இரும்பு அடுப்பு. குழிக்கு நேர் மேல இருக்கற பலகை மட்டும் தூக்கி மடக்கற மாதிரி. எல்லாத்தையும் மூடறதுக்கு வெள்ளைக் கதவு."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "மூஞ்சியைத் துடைங்க மேடம்," என்றார். அவர் ஒத்துக்கொண்டதற்கு அடையாளம் அதுதான்.

தொப்பூர் பக்கம் கல் கொத்துகிற பட்டறை ஒன்றில் குழி வைத்த கல் தயாரானது. இரும்புக் கையை அக்கா பட்டறைக்கே வந்து காலால் அழுத்திப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் அகட்டு" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார். வீட்டுக்காரரிடம் நான் கம்ப்யூட்டரில் போட்ட படத்தைக் காட்டினேன். வெள்ளை ஐலண்ட், மேலே பச்சை ஆப்பிள் வைத்த கிண்ணம். அவர் ஆப்பிளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். கீழ்க் கதவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அக்கா சொல்ல வேண்டாம் என்றிருந்தார்.

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் கதவு வைக்காமல் ஒரு வளைவு மட்டும் வைக்கச் சொன்னதும் அக்காதான். "சிரிப்பு உள்ள வரணும்ல?" சிரிப்பு நன்றாகவே வந்தது. அந்தக் குடைக்கூரையின் கீழே ஒரு மூலையில் கிசுகிசுத்தால் மறுமூலையில் கேட்டது. மூலை என்று ஒன்று அந்த வீட்டில் இல்லை என்பது வேறு விஷயம். சத்தம் உள்ளே வருகிற வழியில் வெளியேயும் போகும் என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை.

வேலை முடிந்து அக்கா ஒரு வாரம் சும்மா இருந்தார். உள்ளே பால் காய்ச்சினார், காபி போட்டார், களியை மட்டும் பின்பக்கமே கிண்டினார். "கிண்டிக் காட்டறேன்னே, காணோம்?" என்று வீட்டுக்காரர் தினமும் சீண்டினாராம். கம்பங்களின் மேல் தகரமும் ஏறிவிட்டது. அக்கா இன்னொரு டம்ளர் காபியை நீட்டினாராம். பெங்களூரிலிருந்து மாங்காய் வாங்குகிற இரண்டு குடும்பங்கள் ஒகேனக்கல் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கும் தச்சர் அண்ணனுக்கும் ஃபோன் செய்தார்.

"வந்துடுங்க. இன்னிக்குத்தான்."

"அக்கா, விருந்தாளிங்க இருக்கிறப்பவா?"

"வேற எப்ப? அந்தாளு கத்த முடியாத நேரமாப் பாத்துத்தான கிண்டணும்?"

நாங்கள் போனபோது கூடம் நிறைந்திருந்தது. வீட்டுக்காரர் வெள்ளை வேட்டியில் மின்னினார். "இவங்கதான் நம்ம டிசைனர் மேடம். இவரு கார்பென்டர்," என்று எங்களை அறிமுகப்படுத்தினார். தச்சர் அண்ணன் தேய்த்த சட்டையோடு சோபாவின் நுனியில் உட்கார்ந்து வடையை எடுத்துக்கொண்டார்.

வந்தவர்களில் பெரியவர் ஒருவர் கன்னடம் கலந்த தமிழில் கேட்டார். "உங்க ஊர்ல ராகி ஜாஸ்தி விளையுது அல்லவா? வீட்ல சாப்பிடறீங்களா?"

"அய்யே, அதெல்லாம் அந்தக் காலங்க," என்றார் வீட்டுக்காரர். "களியை நான் கையாலயும் தொடறதில்ல. நம்ம வூட்ல எப்பவும் சப்பாத்திதான்."

தொம்.

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். அந்தச் சத்தம் சமையலறையிலிருந்து கிளம்பி, குடைக்கூரையை ஒரு சுற்றுச் சுற்றி, எங்கள் தலைக்கு மேல் வந்து இறங்கியது. துடுப்பு பானையின் அடியைத் தொடுகிற சத்தம். எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

தொம். தொம். தொம்.

"வேலை நடக்குதுங்க," என்றார் அவர் அவசரமாக. "இன்னும் கொஞ்சம் பாக்கி. கார்பென்டர்."

பெரியவர் மெதுவாகத் திரும்பித் தச்சர் அண்ணனைப் பார்த்தார். தச்சர் அண்ணன் வாய் நிறைய வடையோடு மெல்லுவதை நிறுத்தினார். பிறகு ஒருவழியாக விழுங்கி, "அது என் தம்பிங்க," என்றார். அவருக்குத் தம்பி கிடையாது.

"ஃபைனல் ஃபிட்டிங்," என்றேன் நான், தொழில் தர்மத்தோடு.

"அந்த ஐலண்டைப் பார்த்துட்டு வர்றேன்," என்று எழுந்தார் பெரியவரின் மனைவி. வீட்டுக்காரர் தடுக்க ஒரு காரணம் தேடுவதற்குள் அவர் வளைவைத் தாண்டிவிட்டார். போனவர் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொரு அம்மா, அவரைப் பார்க்கப் போனார். அவரும் வரவில்லை. அப்புறம் அவருடைய மகள். சத்தம் நின்றது. பிறகு உள்ளேயிருந்து சிரிப்பு கிளம்பியது. ஒருவர் சிரிப்பில்லை, நாலு பேர் சேர்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அது வட்டமடித்து வந்து கூடத்தில் எங்களைச் சுற்றியது.

வீட்டுக்காரரால் உட்கார முடியவில்லை. எழுந்து வேகமாகப் போனார். நானும் பின்னால் போனேன்.

"என்னா? என்னா சிரிப்பு?"

அக்கா ஐலண்டின் முன்னால் சின்ன முக்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கதவு திறந்து, மேல்பலகை மடங்கியிருந்தது. பானை கல்குழியில் அசையாமல் இருந்தது. தரையில் ஒரு பொட்டுக்கூட இல்லை. பெரியவரின் மனைவி புடவையை மடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தி, துடுப்பை வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோர் கண்ணிலும் சிரித்த ஈரம்.

"ஒண்ணுமில்லங்க," என்றார் அக்கா. "சிரிச்சு முடிச்சிட்டோம். நீங்க போயி அவங்களோட பேசிட்டிருங்க."

வீட்டுக்காரரின் முகம் போன போக்கைப் பார்த்து நான் ஆப்பிள் கிண்ணத்தைச் சரி செய்வது போலத் திரும்பிக்கொண்டேன்.

சாப்பாட்டு மேசைக்குக் களி உருண்டை உருண்டையாக வந்தது. ஆவி பறக்க, நெய் தடவி, பக்கத்தில் நாட்டுக்கோழிக் குழம்பு. "முத்தே!" என்று களியின் கன்னடப் பெயரைச் சொல்லிப் பெரியவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தே விட்டார். "ஏன் சார், முன்னாடியே சொல்ல வேண்டாமா? நேத்துல இருந்து ஹோட்டல்ல பரோட்டா தின்னு செத்துட்டேன்!"

வீட்டுக்காரர் சிரித்தபடி தன் தட்டை முன்னால் நகர்த்தினார். அக்கா அதில் இரண்டு சப்பாத்தியை வைத்தார்.

"ஏய், எனக்கு..."

"அவருக்குக் களி ஆவாதுங்க," என்று அக்கா விருந்தாளிகளிடம் ரொம்பப் பணிவாகச் சொன்னார். "கையாலயும் தொட மாட்டாரு. அந்தக் காலமாம்."

"சொன்னாரு, சொன்னாரு," என்றார் பெரியவர், குழம்பில் களியைத் தோய்த்தபடி. "எங்களுக்கு மிச்சம்."

நான் நிறைய விருந்துகளில் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு மனிதன் சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டு எதிரே இருக்கும் உருண்டை சின்னதாகிக்கொண்டே போவதை அப்படிப் பார்த்ததில்லை. பெரியவர் இரண்டாவது கேட்டார். தச்சர் அண்ணன் மூன்றாவது கேட்டார். கடைசி உருண்டை என் தட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் என் வேலைக்கான முழு விமர்சனமும் இருந்தது. நான் மனசாட்சியோடு சாப்பிட்டேன். கட்டியே இல்லை.

கார்கள் கிளம்பிப் போனதும் அவர் பின்பக்கம் போய்க் கம்பங்களின் கீழே நின்றார். பேச்சு பேச்சுதான், பிரித்துவிடுகிறேன் என்றார். அக்கா வாசலில் நின்று கையைத் துடைத்துக்கொண்டே, "வேணாம், இருக்கட்டும்," என்றார். "அது உங்களுக்கு ஆவும்."

எதற்கு ஆகும் என்று அன்று யாருக்கும் புரியவில்லை. ஒரு மாதம் போல ஆகியிருக்கும். வீட்டுக்காரர் எனக்கு ஃபோன் செய்தார். பின்னால் ஏதோ பொரிகிற சத்தம்.

"மேடம், கொட்டாய்க்கு ஒரு சின்ன டிசைன் போட்டுத் தரணும். சுத்தியும் சுவரு, ஒரு மேடை, ஒரு லைட்டு. புகை போறதுக்கு ஏதாவது. யாருக்கும் தெரிய வேணாம், அந்தக் கார்பென்டருக்குக்கூட."

"அங்க யாருண்ணா சமைக்கப் போறாங்க?"

"நான்தான்." அவர் குரல் தணிந்தது. "உள்ள வெள்ளைக் கப்போர்டுல வாசம் புடிச்சுக்குமாம். வேணும்னா வெளிய போயி நீங்களே வறுத்துக்கங்கன்னு சொல்லிட்டா. நான் இங்க ஒத்தையா நிக்கறேன். உள்ள அவளும் பக்கத்து வூட்டுப் பொம்பளைங்களும் எதுக்கோ சிரிக்கறாங்க. எதுக்குன்னு தெரியல."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை எடுத்தேன். எந்த வேலையானாலும் முதல் கேள்வி முதல் கேள்விதான்.

"அங்க என்னண்ணா சமைப்பீங்க?"

சப்பாத்தி என்று சொல்லிவிடுவாரோ என்று காத்திருந்தேன். எண்ணெய் மட்டும் பொரிந்தது.

"கருவாடுங்க," என்றார் கடைசியில். "நெத்திலிக் கருவாடு. நல்லா பெரிய ஜன்னலா வெச்சுக் குடுங்க. வூட்டைப் பாத்த மாதிரி."